சிட்னியில் நான் கூட்டித் தள்ளிய அதிர்ஷ்டம்

படித்தவர்கள் வெளிநாடு போனால் மியூசியம் பார்ப்பார்கள். நான் போனது கடலட்டை விற்க. ஐந்தாம் வகுப்பில் வாத்தியாரோடு முறைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு கற்றதெல்லாம் கடையில்தான். கொழும்பில் ஒரு கருவாட்டுக் கடையில் கூட்டித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்து, மூட்டை சுமந்து, தராசு பிடித்து, கடைசியில் அந்தக் கடையையே வாங்கினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சொல்லாமல் விட்டால்தான் நித்திரை வராது.

கடலட்டை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலின் அடியில் கிடக்கிற, தலை எது வால் எது என்று தனக்கே தெரியாத ஒரு சீவன் அது. மன்னார்க் கடலில் பிடித்து, குடல் எடுத்து, அவித்து, மண்ணில் புதைத்து, வெயிலில் காயவைத்தால் கரிக்கட்டை மாதிரி ஆகிவிடும். நம்மவர் தொடமாட்டார்கள். சீனர்கள் உயிரை விடுவார்கள். இத்தனை காலமும் நான் அதைச் சிங்கப்பூர்த் தரகர் ஒருவருக்கு அனுப்பி வந்தேன். அவர் என் சாக்கைப் பிரித்து, தன் பெயர் போட்ட சாக்கில் கொட்டி, உலகம் முழுக்க விற்றார். சிட்னியில் குவோக் என்றொரு சீன வியாபாரி அந்தச் சரக்கைத்தான் வாங்குகிறார் என்று தெரிந்த அன்றே முடிவு கட்டினேன். நேரே போவது, என் பெயர் போட்ட சாக்கில் என் சரக்கை விற்பது. காசு எப்படியும் வரும். பெயர் தானாக வராது.

அந்த நாளில் நம் அரசாங்கம் வெளிநாடு போகிறவனுக்கு அனுமதித்த பணத்தில் நல்ல ஹோட்டலில் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம், கூட ஒரு பணிஸ் கேட்டால் யோசிக்க வேண்டும். ஆகவே நான் பணத்துக்குப் பதிலாக ஒரு சூட்கேஸ் நிறையக் கடலட்டை கொண்டுபோனேன்.

மெல்பேர்ன் விமான நிலையத்தில் பரிசோதகர் பெட்டியைத் திறந்தார். திறந்த வேகத்தில் பாதியை மூடினார்.

"இது என்ன?"

"கடல் சாமான்."

"மனிசர் சாப்பிடுறதோ?"

"நான் சாப்பிடமாட்டன். சீனர் சாப்பிடுவினம்."

அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். என் கடை இங்கிலீஷுக்கு விளங்காது என்று நினைத்துப் பேசிக்கொண்டார்கள்.

"நாய் இருந்து வைச்ச மாதிரிக் கிடக்கு."

"நாய் இவ்வளவு ஒழுங்கா அடுக்கி வைக்காது."

அடுக்கியவன் நான்தான். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை மன்னித்தேன். கடிதம் முத்திரை எல்லாம் சரியாக இருந்ததால் விட்டுவிட்டார்கள்.

மெல்பேர்னில் என் அக்கா மகன் பரமேஸ் இருக்கிறான். எஞ்சினியர். என் காசில் படித்தவன் என்பதை நான் அவனிடம் அடிக்கடி சொல்வதில்லை, தேவைப்படும்போது மட்டும் சொல்வேன். மறுநாள் என்னை ட்ராம் வண்டியில் நகரத்துக்குக் கூட்டிப் போனான். மேலே ஒரு கயிறு நீளமாக ஓடியது. பிடிக்கத்தான் போட்டிருக்கிறார்கள் என்று பிடித்துக்கொண்டேன். மணி அடித்து வண்டி நின்றது. யாரும் இறங்கவில்லை. வண்டி புறப்பட்டது, நான் ஆடினேன், மறுபடி பிடித்தேன், மறுபடி நின்றது. கொண்டக்டர் ஒரு பெண். வந்து என் கையைக் கயிற்றிலிருந்து எடுத்துக் கம்பியில் வைத்துவிட்டு, "ஐயா, நீங்க இறங்கப் போறியளோ, இல்லாட்டி எங்களை இறக்கப் போறியளோ?" என்றாள். எங்கள் ஊர் பஸ்ஸில் மணி அடித்தாலும் நிற்காது. அந்தப் பழக்கத்தில் வந்தவனுக்கு இது எப்படித் தெரியும்?

லிட்டில் பர்க் தெருவில் சீனக் கடைகள். சீனப் புதுவருடம் அந்த வாரம் என்று கடைக்குக் கடை சிவப்புக் கடதாசி தொங்கியது, அதில் பாம்பு. வருவது பாம்பு வருடமாம். நாங்கள் பிரபவ, விபவ என்று பஞ்சாங்கக்காரனுக்கு மட்டும் விளங்குகிற மாதிரி வருடத்துக்குப் பெயர் வைத்திருக்கிறோம். இவர்கள் எலி, மாடு, பன்றி என்று வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புக்கு இதுதான் வசதி.

குவோக் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு சுவர் மணிக்கூட்டை விலை கேட்டேன். பரமேஸ் கையைப் பிடித்து இழுத்தான். அவனுடைய கந்தோரில் ஹொங்கொங் சீனர் ஒருவர் வேலை செய்கிறார், அதனால் இவனும் அரைச் சீனன்.

"மாமா, மணிக்கூடு மட்டும் குடுத்திடாதேங்கோ. அவையின்ர பாஷையில மணிக்கூடு குடுக்கிறதும் செத்தவீடு செய்யிறதும் ஒரே சத்தமாம்."

"எங்கட ஊரில குடிபுகுதலுக்கு ஏழு பேர் மணிக்கூடுதானேடா குடுப்பினம்!"

"இஞ்ச குடுத்தா பிறகு வாசல்படி மிதிக்க விடமாட்டினம். வெள்ளையும் உடுக்காதேங்கோ, அது இழவுக்கு. நாலு எண்டும் சொல்லாதேங்கோ, சாவு எண்ட மாதிரிக் கேக்குமாம்."

"அப்ப மூண்டுக்குப் பிறகு என்னடா சொல்லுறது?"

"நேர அஞ்சுக்குப் போங்கோ."

என் பெட்டியில் வெளியே போட வெள்ளையைத் தவிர வேறு உடுப்பு இல்லை. அவன் தன்னுடைய சிவப்புச் சேட் ஒன்றைத் தந்தான். கொலர் இரண்டும் வாழை இலை அகலம், நெஞ்சில் பூ. ஒரு பெட்டி தோடம்பழமும் வாங்கித் தந்தான், அந்த ஆரஞ்சு நிறம் அவர்களுக்கு ராசியாம். இவ்வளவு சொன்னவன் வீடு கூட்டுகிற தும்புத்தடியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. எஞ்சினியர்களுக்குக் கூட்டுகிற விசயம் தெரியாது.

ரயிலில் சிட்னிக்குப் போனேன். காலைச் சாப்பாட்டுக்குப் பாணும் அதில் பூச ஒரு கறுப்புப் பசையும் தந்தார்கள். வண்டிச் சில்லுக்குப் பூசுகிற மசகை நாக்கில் வைத்தது போலிருந்தது. எதிரே இருந்த வெள்ளைக்காரர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ருசித்துத் தின்றார். அப்போதுதான் எனக்கு ஒரு தைரியம் வந்தது. இதைத் தின்கிற நாட்டில் கடலட்டை விற்க முடியாதா?

டிக்ஸன் தெருவில் குவோக்கின் கடை. கீழே உலர்ந்த சாமான்கள், மேலே வீடு. குவோக் அந்த ஊரிலேயே பிறந்த குண்டு மனிதர். வெள்ளைக்காரர் போலவே என்னை "மேட்" என்றார். என் சேட்டைப் பார்த்து, "நல்லாயிருக்கு மேட், கலியாண மாப்பிள்ளை மாதிரி" என்றார். பிறகு மெதுவாக உண்மையைச் சொன்னார். கடை அவருடையதல்ல, அவருடைய மூத்த அக்காவுடையது. சீனாவில் பிறந்து வளர்ந்த அக்காவுக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் முடிவு முழுக்க அவர் கையில். புதுவருடம் முடியும்வரை சரக்குப் பேச்சு பேசமாட்டார். "நான் வாய் மட்டும். தலை அவ" என்றார். எனக்கு ஹோட்டலுக்கு வசதியில்லை என்று கேட்காமலே அறிந்து, கடைக்குப் பின்னால் சாக்குகளுக்கிடையில் ஒரு கட்டில் போட்டுத் தந்தார்.

பெரிய அக்கா வந்து என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தராசில் வைத்த மாதிரி. தோடம்பழப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். எனக்குப் பதவிசு தெரிந்தவர்களைப் பிடிக்கும். அன்று முதல் நானும் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன்.

அன்று மாலை புதுவருடத்துக்கு முதல்நாள் விருந்து. வட்ட மேசை, நடுவில் சுற்றுகிற தட்டு. வேண்டிய கறியைச் சுற்றினால் அது நம்மிடம் வரும். நல்ல யோசனை. எங்கள் வீட்டில் கறிக்கு நாம்தான் சுற்ற வேண்டும். முழு மீன் ஒன்று வந்தது. அதை முடிக்கக்கூடாதாம். அவர்கள் மொழியில் மீனும் மிச்சமும் ஒரே சத்தம், மீனை மிச்சம் விட்டால் வருடம் முழுக்க மிச்சம் இருக்கும். எல்லாச் சொல்லும் ஒரே சத்தமாக இருந்தால் இவர்கள் எப்படிச் சண்டை பிடிக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தட்டு சுற்றி என் முன்னால் கடலட்டை வந்து நின்றது.

பளபளவென்று, கறுப்பாக, குழம்புக்குள் நடுங்கிக்கொண்டு. அக்கா என் வாயையே பார்த்தார். தலைமுடி நரைக்கும்வரை அதை விற்றிருக்கிறேன், ஒரு துண்டும் தின்றதில்லை. ஆனால் தன் சரக்கைத் தானே தின்னாதவனிடம் யார் வாங்குவார்கள்? வாயில் போட்டேன். கடிக்கப் போனேன், அது எனக்கு முன்னமே வழுக்கி உள்ளே போய்விட்டது. ருசி என்று சொல்ல ஒன்றுமில்லை. சவர்க்காரத்தை விழுங்கினவனுக்கு இது புது அனுபவம் அல்ல. "நல்லாயிருக்கு" என்றேன். அக்கா இன்னொரு துண்டு வைத்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு வீடு முழுக்கப் பெருக்கித் துடைத்தார்கள். பிறகு அக்காவே தும்புத்தடியைக் கொண்டுபோய் அரிசிச் சாக்குகளுக்குப் பின்னால் செருகினார். எனக்கு அது விளங்கவில்லை. கண்ட இடத்தில் வைப்பதுதான் இங்குள்ள வழக்கம் போலும் என்று நினைத்தேன். நடுச்சாமத்தில் வாசலில் வெடி. எதிர்க்கடைக்காரர் இவர்களைவிட நீளமான சரம் கட்டியிருந்தார், தங்கப் புள்ளி போட்ட சிவப்புக் கடதாசி சுற்றிய உசத்தி வெடி. அக்காவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்று குவோக் சொன்னார். அவருடைய வெடி ஓய்ந்தபோது அக்காவின் முகம் காய்ந்த அட்டை மாதிரி இருந்தது.

நான் விடியமுன் எழும்புகிறவன். முதலாளி ஆன பிறகும் என் கடையை நானே கூட்டுவேன். இந்த வீட்டில் படுத்தேன், சாப்பிட்டேன், பதிலுக்கு என்ன செய்தேன்? தும்புத்தடியைத் தேடினேன். ஒளித்து வைத்த இடத்திலிருந்து சரியாகக் கண்டுபிடித்தேன். வெடிக் கடதாசி காற்றுக்கு உள்ளே பறந்து கடை முழுக்கச் சிவப்பாகக் கிடந்தது. மூலை மூலையாகக் கூட்டினேன். உள்ளிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து வெளியே, வெளியிலிருந்து தெருவோரத்துக் குப்பை வாளிக்குள். தண்ணீரும் தெளித்தேன். எங்கள் புதுவருடத்தில் இதற்குத்தான் மரியாதை. பிறகு கதிரை போட்டு உட்கார்ந்து பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

அக்கா சிவப்புப் பட்டு உடுத்து, தட்டில் தோடம்பழத்தோடு இறங்கி வந்தார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த தும்புத்தடியைப் பார்த்தார். பழங்கள் தட்டில் உருண்டன. பின்னால் வந்த குவோக், "ஐயோ மேட்" என்றார்.

"என்ன? குப்பையைத்தானே கூட்டினன்."

"நாளையிண்டைக்குத்தான் அது குப்பை. இண்டைக்கு அது அதிர்ஷ்டம். எங்கட வருசத்தையே கூட்டிக்கொண்டு போய் வெளியில கொட்டிப்போட்டீர்."

புதுவருடத்தன்று கூட்டக்கூடாதாம். தலை முழுகவும் கூடாதாம், அதிர்ஷ்டம் கழுவிப் போய்விடும். நாங்கள் மருத்துநீர் வைத்து முழுகி, வீடு வாசல் கழுவி, அதற்குப் பிறகுதான் வருடத்தை உள்ளே விடுவோம். இவர்கள் கணக்குப்படி எங்கள் சனம் தலைமுறை தலைமுறையாக அதிர்ஷ்டத்தைக் கழுவி ஊற்றிக்கொண்டிருக்கிறது. நம் ஊர் நிலைமையைப் பார்த்தால் இருக்கலாம் என்றும் பட்டது.

அதைவிட மோசம், அன்று யாரையும் ஏசவும் கூடாது. கெட்ட வார்த்தை சொன்னால் வருடம் முழுக்கக் கெடும். ஆகவே அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு, என்னிடம் நீளமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுறா?"

"நீர் நீடூழி வாழ வேணுமாம்."

"பிறகு?"

"பொன்னும் பொருளும் பெருக வேணுமாம். சிங்கப்பூர்க்காரரும் நல்லாயிருக்க வேணுமாம். அவரிட்டயே தொடர்ந்து வாங்கப் போறாவாம்."

வாழ்த்தி வாழ்த்தியே என்னை வெளியே தள்ளினார் அந்த மனிசி. என் பெயர் போட்ட சாக்கு என் கண் முன்னாலேயே பிரிந்து கொட்டியது. அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு லொறிச் சத்தம். குப்பை லொறி.

நான் உடுத்திருந்தது சிவப்புக் கோடு போட்ட சாரம். மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு பாய்ந்தேன். வாளி வெறுமையாகக் கிடந்தது. லொறி தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. ஓடினேன். கொழும்பில் மூட்டையோடு ஓடிய கால், மூட்டையில்லாமல் ஓடாதா? "நில்லு! நில்லு!" என்று கத்தினேன். அரைக்காற்சட்டை போட்ட ஒருவன் லொறியின் பின்னால் தொங்கிக்கொண்டு வந்தான். லொறியைத் தட்டி நிறுத்தினான்.

"என்ன அப்பு, பல்லுச் செட்டோ? போன கிழமையும் ஒருத்தர் இப்பிடித்தான் ஓடி வந்தவர்."

"பல்லு இல்லை. அதிர்ஷ்டம். சீனக் கடையின்ர."

"எனக்கும் அதுதான் வேணும். ஆம்பிட்டா பாதி தாரும்."

நான் மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். அவன் கிரேக்க நாட்டுக்காரன். கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. "எங்கட அம்மாவும் உப்பிடித்தான். ஒருத்தரும் குழந்தையை வடிவு எண்டு சொல்ல விடமாட்டா, சொன்னா மூண்டு தரம் துப்புவா" என்றான். சவளை எடுத்து, லொறிக்குள் சிவப்பாகத் தெரிந்ததையெல்லாம் வாரி ஒரு வாளி நிறையப் போட்டான். எது எங்கள் கடையுடையது, எது தெருக் கூட்டிகள் அள்ளிப் போட்டது என்று பார்க்க நேரமில்லை. சிவப்போடு கோவா இலையும் வந்தது, இறால் தலையும் வந்தது. வாளியைத் தூக்கி என் தலையில் வைத்தான்.

டிக்ஸன் தெருவழியாக, தலையில் குப்பை வாளியோடு, சாரத்தோடு நடந்தேன். வேலைக்குப் போகிற வெள்ளைக்காரர் ஒதுங்கி வழிவிட்டார்கள். என் வாழ்க்கையில் நான் சுமந்த மூட்டைகளில் எது பாரமானது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்.

முன்வாசலால்தான் உள்ளே போனேன். பின்வாசலால் கொண்டுவந்தால் அதிர்ஷ்டத்துக்கு மரியாதையில்லை. கடை நடுவில் கவிழ்த்தேன். இறால் தலை ஒன்று உருண்டு அக்காவின் பட்டுச் செருப்படியில் நின்றது.

அக்கா குனிந்தார். இறாலை எடுக்கிறார் என்று நினைத்தேன். எடுத்தது ஒரு கடதாசித் துண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தங்கப் புள்ளி. இன்னொன்று எடுத்தார். அதிலும் தங்கப் புள்ளி. எதிர்க்கடைக்காரரின் வெடி. அவருடைய வாசலை விடியற்காலையில் மாநகரசபைத் தெருக் கூட்டிகள் பெருக்கி அள்ளியிருக்கிறார்கள், அது அந்த லொறியில் ஏறி, என் தலையில் ஏறி, இந்தக் கடைக்குள் வந்திருக்கிறது.

அக்கா முதலில் உதட்டைக் கடித்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் அதுவரை பார்க்கவில்லை. குவோக்கே பார்த்திருக்கமாட்டார், முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அக்கா ஓடிப்போய்த் தெருக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பிறகு ஏதோ சொன்னார்.

"ஒரு கடையின்ர அதிர்ஷ்டத்தைக் கொண்டுபோய் ரெண்டு கடையின்ரயைக் கொண்டுவந்திட்டாராம்" என்றார் குவோக். "இந்த ஆளை எதிர்க்கடைக்காரன் காணக்கூடாதாம். பின்பக்கம் வைச்சுச் சாப்பாடு குடுக்கட்டாம்."

சாப்பாடு முழுக்க மரக்கறி. புதுவருட முதல் நாள் அவர்களும் மச்ச மாமிசம் தொடமாட்டார்களாம். அன்று வெள்ளிக்கிழமை, நானும் தொடமாட்டேன். இத்தனை கடல் தாண்டிப் போய் ஒரு விசயத்தில் ஒத்துப்போனோம்.

ஆனால் குப்பை கிடந்தது. மாசி மாதம் அங்கே கோடை. இறால் தலை தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. கூட்டவும் முடியாது, குறை சொல்லவும் முடியாது. வாழ்த்த வந்த உறவினர் எல்லாம் மூக்கைச் சுருக்கி, வாயால் மட்டும், "நல்ல வாசம், நல்ல வருசம்" என்று சொல்லிச் காசு வைத்த சிவப்பு உறை வாங்கிக்கொண்டு சுருக்காகப் போனார்கள். நான் அந்த மணத்தோடேயே படுத்தேன். கருவாட்டுக் கடையில் வளர்ந்தவனுக்கு இது தாலாட்டு.

கூட்டலாம் என்ற நாள் வந்ததும் அக்கா தும்புத்தடியை எடுத்தார். என்னிடம் தரவில்லை. எட்டி நின்று பார் என்று கையைக் காட்டினார். வாசலில் தொடங்கி உள்பக்கமாகக் கூட்டினார். எல்லாவற்றையும் நடுவில் குவித்து, பின்வாசலால் கொண்டுபோனார். பிறகு கையைக் கழுவிவிட்டு என் சூட்கேஸைத் திறக்கச் சொன்னார். ஒரு அட்டையை எடுத்து மேசையில் தட்டிச் சத்தம் கேட்டார். மணந்து பார்த்தார். முறித்துப் பார்த்தார். என் சரக்கு முறியும்போது வருகிற சத்தம் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்தது.

"சிங்கப்பூர்க்காரர் நல்லாயிருக்கட்டாம்" என்றார் குவோக். "நாங்கள் உம்மட்ட வாங்குவமாம்."

சாக்கில் என் பெயர் இருக்க வேண்டும் என்று சொன்னேன். அக்கா தூரிகையை எடுத்துச் சிவப்புக் கடதாசியில் கறுப்பாக, ஆடு மாடு துள்ளுகிற மாதிரி, சில எழுத்து எழுதித் தந்தார். இதை அச்சடித்துச் சாக்குக்குச் சாக்கு ஒட்டு என்றார். பார்க்க வடிவாக இருந்தது. மெல்பேர்ன் திரும்பியதும் பரமேஸ் அதை அவனுடைய ஹொங்கொங் சிநேகிதரிடம் காட்டினான். அவர் வாசித்துவிட்டு நெடுநேரம் இருமினார். "தும்புத்தடிக்காரர் சரக்கு" என்று எழுதியிருக்கிறதாம்.

அப்படியே இருக்கட்டும் என்றேன். சிங்கப்பூர்க்காரர் பெயரைவிட இது எனக்குக் கிட்டின உறவு.

அந்தக் கடதாசியில் ஒன்றை ஊரில் வீட்டுச் சுவரில் ஒட்டினேன். வந்தவர்களிடம் சீன மொழியில் என் பெயர் என்று சொன்னேன், அதில் பொய் ஒன்றும் இல்லை. சித்திரைப் புதுவருடத்தன்று விடிய என் மனைவி அதன் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. இதில என்ன எழுதிக் கிடக்கு?"

சொன்னேன்.

அவள் குசினிக்குள் போய்த் தும்புத்தடியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "அப்ப பேருக்கேத்த வேலையைச் செய்யுங்கோ. முத்தம் கூட்டாமல் அப்பிடியே கிடக்கு."

கூட்டினேன். ஆனால் வாசல் படலையிலிருந்து உள்பக்கமாக.